பதினாலாவது கேள்வி

மார்ச் 4

அன்புள்ள உனக்கு,

பதினோரு நாள் பழக்கத்தில் உன்னை என்ன சொல்லி அழைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. அதனால் இப்போதைக்கு 'உனக்கு'. நான் பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய், மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது.

எனக்குக் கிடைத்த அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறக்க மேசையை நகர்த்த வேண்டும். மேசையை நகர்த்தினால் கதவு திறக்காது. ஆகவே காற்றும் நானும் முறை வைத்து உள்ளே வருகிறோம்.

மக்களிடம் கருத்துக் கேட்கிற கம்பெனி என்று கல்யாணப் பேச்சின்போது நான் சொன்னதும் மாமா, "கேட்டு என்ன பண்ணுவீங்க?" என்றார். அதை ஆபீசில் இன்னும் யாரும் யோசிக்கவில்லை. முதல் வேலையாக ஒரு குளியல் சோப்புப் படிவத்தை இங்கிலீஷிலிருந்து தமிழில் ஆக்கச் சொல்லியிருக்கிறார்கள். பதின்மூன்று கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து பதில். மேல்முனையும் கீழ்முனையும் சுலபம்: 'மிக நன்று', 'மிக மோசம்'. நடுவில்தான் உயிர் போகிறது. குவைட், ஃபேர்லி, ரேதர், சம்வாட், மாடரேட்லி என்று இங்கிலீஷ்காரன் இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு காலனியே கட்டி வைத்திருக்கிறான். 'ப்ரெட்டி' என்று ஒன்று. அழகு என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். இங்கே வந்தால் அது அழகில்லையாம், ஓரளவுக்கு மேல், ரொம்பவுக்குக் கீழ் என்று அகராதி சொல்கிறது. இந்தக் காலனிக்கு மொத்தமாகப் பெயர் வைப்பதற்கே ரேஞ்ச், ஸ்கேல், ஸ்பெக்ட்ரம் என்று நாலைந்து சொல். நம்மிடம் 'பிரமாதம்' இருக்கிறது, 'மோசம்' இருக்கிறது, நடுவில் எல்லாரும் உட்கார 'பரவாயில்லை' என்று ஒரே பெஞ்சு இருக்கிறது.

என் சூப்பர்வைசருக்கு ஆபீசில் 'சமதூரம்' என்று பட்டப்பெயர். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் தூரம் சமமாக இருக்க வேண்டும் என்பார். அர்த்தத்தில் மட்டும் என்று நினைத்தேன். மர ஸ்கேலை வைத்துக் கட்டங்களையும் அளக்கிறார். போன் அவர் அறையில்தான் இருக்கிறது, பூட்டுடன். அதனால் நமக்குக் கடிதம்தான்.

உன் கண்ணாடிக் கடைக்குத் தினம் முப்பது பேர் வருகிறார்களே, நடுப்படிகளுக்கு அவர்கள் என்ன சொல் சொல்கிறார்கள் என்று கவனித்து எழுதுவாயா?

மறந்துவிட்டேன். கல்யாணமானவர்களுக்கு இரண்டு அறை குவார்ட்டர்ஸ் உண்டாம். மனைவி வருகிறாளா இல்லையா என்று ஜூன் முப்பதுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் ஸ்டோர்கீப்பருக்குப் போய்விடும். உனக்கு எது வசதியோ அப்படி.

உன் கணவன்
(அனுபவம்: பதினோரு நாள்)


மார்ச் 15

அன்புள்ள உங்களுக்கு,

நீங்களே வழி காட்டிவிட்டதால் நானும் அப்படியே தொடங்குகிறேன். இங்கே எல்லாரும் நலம். அப்பாவின் முழங்கால் படி ஏறும்போது வலிக்கிறது, சண்டை போட எழுந்திருக்கும்போது வலிக்கவில்லை. நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

கடையில் கேட்டுப் பார்த்தேன். "உங்களுக்குப் பார்வை எப்படி இருக்கு?" என்றால் நூறில் தொண்ணூறு பேர் "ஏதோ தெரியுது" என்கிறார்கள். பஸ் ஓட்டுகிறவர் ஒருவரும் அதையே சொன்னார். நான் அன்றைக்கு நடந்தே வீட்டுக்குப் போனேன். தையல்காரர் "தேவலை" என்றார். எதைவிடத் தேவலை என்று கேட்டேன், "போன வருஷத்தைவிட" என்றார். கணக்கு வாத்தியார் ஒருவர் மட்டும் "அறுபத்தஞ்சு சதவீதம்" என்றார். அவருக்குத்தான் சுத்தமாகத் தெரியவில்லை.

அதனால் நாங்கள் எவ்வளவு என்று யாரையும் கேட்பதே இல்லை. வெறும் ஃபிரேமை மாட்டிவிட்டு ஒரு லென்ஸைப் போடுவோம், எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுவோம். "இது தெளிவா, அது தெளிவா?" அவ்வளவுதான் கேள்வி. அதற்குப் பொய் சொல்ல யாருக்கும் வராது. உங்கள் சமதூரத்திடம் சொல்லிப் பாருங்கள்.

கடை முதலாளி என்னிடம் சாவி கொடுத்திருக்கிறார். காலையில் நான்தான் திறக்கிறேன். வெயில் ஏறிவிட்டது. மற்றபடி இங்கே எல்லாம் பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 24

அன்புள்ள உனக்கு,

நான் நலம். சாப்பாடு வேளைக்கு வருகிறது, ருசி இன்னும் வந்து சேரவில்லை. உனக்கு வெயில் ஒத்துக்கொள்கிறதா?

'இங்கே எல்லாம் பரவாயில்லை' என்ற உன் வரியை ஆறு தடவை படித்தேன். நான் இல்லாததும் அந்த 'எல்லாம்' என்பதில் சேர்த்தியா? குவார்ட்டர்ஸைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்தவும் இல்லை.

இந்தப் 'பரவாயில்லை'யை எந்தக் கட்டத்தில் போடுவது என்று ஆபீசில் செவ்வாய்க்கிழமை சண்டையே வந்துவிட்டது. பதினோரு பேரிடம் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்து எழுதச் சொன்னோம். டைப்பிஸ்ட் அம்மா இரண்டாவது கட்டத்தில் போட்டார். அவருடைய மகன் பாஸானபோது அவர் மாமியார் அப்படித்தான் சொன்னாராம். ஸ்டோர்கீப்பர் கடைசிக் கட்டத்தில் போட்டார். அவர் முதல் சமையலுக்கு அவர் மனைவி சொன்னதாம். சமதூரம் எல்லாச் சீட்டையும் கூட்டி வகுத்து, சரியாக நடுவில் விழுகிறது என்று திருப்தியாக ஸ்கேலை வைத்துவிட்டார்.

சோப்புப் படிவம் ஒன்று இத்துடன். நீ நிரப்பிப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று சொல். படிவத்தை உருட்டி எடுக்கிற ஸ்டென்சிலில் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. பதினாலாவதாக ஒரு கேள்வி டைப் அடித்து உனக்கு மட்டும் ஒரு பிரதி உருட்டினேன். அதைப் படி, அவசரமில்லை. வசதிப்பட்ட கட்டத்தில் ஒரு டிக் போட்டால் போதும். விளக்கம் எழுத வேண்டாம்.

"14. வெளியூரில் வேலை பார்க்கும் உங்கள் கணவருடன் போய் வாழ்வதில் உங்களுக்கு உள்ள விருப்பம்: மிகவும் உண்டு / ஓரளவு உண்டு / பரவாயில்லை / அவ்வளவாக இல்லை / அறவே இல்லை."

உன் கணவன்
(இன்னும் பதினோரு நாள்தான்)


ஏப்ரல் 9

மாப்பிள்ளைக்கு ஆசிகளுடன் எழுதுவது.

இங்கு யாவரும் க்ஷேமம். முழங்கால் உள்பட. தங்கள் தேக நலனுக்கு எழுதவும்.

மகள் கடை வேலையாக இரண்டு நாள் வெளியூர் போயிருக்கிறாள். மேசை மேல் தங்கள் கம்பெனியின் படிவம் ஒன்று நிரப்பாமல் கிடந்தது. முப்பத்து நாலு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன், ஒரு படிவத்தை வெறுமையாகப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியாது. நானே நிரப்பிவிட்டேன்.

என் ஆட்சேபணைகள். 'மிக நன்று' என்பதற்கும் 'நன்று' என்பதற்கும் நடுவில் எவ்வளவு? யார் சோதித்து முத்திரை குத்தியது? ஒரு கடையில் கிலோ என்று சொல்லித் தொள்ளாயிரம் கிராம் போட்டால் நான் தராசைப் பறிமுதல் செய்திருப்பேன். உங்கள் கம்பெனி ஊர் பூராவும் முத்திரை இல்லாத தராசைத் தூக்கிக்கொண்டு போகிறது. நுரையைப் பற்றிய ஆறாவது கேள்விக்குச் சோப்பை எத்தனை தடவை தேய்ப்பது என்று குறிப்பு இல்லை. நான் வீட்டில் இருந்த சோப்பை இருபது தடவை தேய்த்தேன்.

பதினாலாவது கேள்வி: எனக்குக் கணவர் இல்லை. ஆயினும் கேள்வியை விடுவது முறையல்ல என்பதால், அப்படி ஒருவர் இருந்து வெளியூரிலும் இருந்தால் என்று பாவித்து யோசித்தேன். 'அவ்வளவாக இல்லை' என்பதில் டிக் செய்திருக்கிறேன். இந்த வயதில் புது ஊர் எனக்குச் சரிப்படாது.

படிவத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். மகளிடம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆய்வாளரும் தங்கள் மாமனாரும்


ஏப்ரல் 18

அன்புள்ள உனக்கு,

நான் நலம் என்று எழுதுவது வழக்கத்துக்காக. நீயாவது நலமாக இரு.

மாமாவின் கடிதத்தை நீ கடைசியில் கேள்விப்படத்தான் போகிறாய். உறையைப் பிரித்ததும் படிவம் கண்ணில் பட்டது. நேரே பதினாலுக்குப் போனேன். 'அவ்வளவாக இல்லை.' நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கால்மணி நேரம் கழித்துத்தான் கூட இருந்த கடிதத்தைப் படித்தேன். மாமாவுக்கு என்னோடு வந்து வாழ விருப்பமில்லை என்று தெரிந்ததில் இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை.

சந்தோஷம் மத்தியானம் வரைதான். உனக்கு ஒரு பிரதி உருட்டிய பிறகு, ஸ்டென்சிலில் அந்தப் பதினாலாவது கேள்வியை வெள்ளை மையால் அடைத்துவிட வேண்டும் என்று இருந்தேன். டைப்பிஸ்ட் அம்மாவிடம் அந்த மை புட்டியைக் கேட்டேன். அவர் மகன் கல்லூரியில் சேர்ந்த கதையை ஆரம்பித்தார். கதை முடிந்தது, நான் என் இடத்துக்கு வந்தேன். புட்டி அங்கேயே இருந்துவிட்டது.

அறுநூறு படிவம் உருட்டி, கட்டி, கணக்கெடுக்கும் பெண்கள் கையில் போய், வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டது. அறுநூறு வீட்டில், ஒரு சோப்புக் கட்டியைக் கொடுத்துவிட்டு, நுரை எப்படி, வாசனை எப்படி, கணவரோடு போய் வாழ விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்களில் ஒருத்திகூட என்னிடம் திரும்பி வந்து "சார், இது என்ன?" என்று கேட்கவில்லை. கம்பெனிக்காரன் எதற்கோ கேட்கிறான் என்று இருந்துவிட்டார்கள்.

படிவங்கள் திங்கட்கிழமை திரும்பி வருகின்றன. சமதூரம் இன்னும் பார்க்கவில்லை. என்னை வேலையை விட்டு அனுப்பினால் குவார்ட்டர்ஸ் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும்.

உன் கணவன்
(அனுபவம் போதவில்லை)


ஏப்ரல் 26

அன்புள்ள உங்களுக்கு,

நலம். கண்ணில் மட்டும் தண்ணீர், சிரித்ததால். கடையில் வைத்துப் படித்திருக்கக் கூடாது. கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தவர், நான் சிரித்ததைப் பார்த்து, தான் எழுத்தைத் தப்பாகப் படித்துவிட்டதாக நினைத்து முதலிலிருந்து படித்தார்.

அப்பாவிடம் கேட்டேன். "மாப்பிள்ளைக்கு உதவி பண்ணினேன்" என்றார். அவர் தேய்த்த தேய்ப்பில் சோப்பு கரைந்து, இப்போது யாரும் அதைக் கையால் பிடிக்க முடியவில்லை.

அந்த அறுநூறு பேர் என்ன சொன்னார்கள்? வேலையை விட்டு அனுப்பினார்களா, இல்லையா? உடனே எழுதுங்கள். என் படிவத்தை அப்பா நிரப்பிவிட்டதால் என்னிடம் வேறு படிவம் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


மே 8

அன்புள்ள உனக்கு,

நலம், வேலை உள்பட. நீ எப்படி இருக்கிறாய்?

அறுநூறில் ஐந்நூற்று எண்பத்தெட்டு திரும்பி வந்தது. சோப்பு பற்றிய பதின்மூன்று கேள்விக்கும் ஜனங்கள் நடுக் கட்டத்தில் வரிசையாக டிக் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். இனாமாகக் கொடுத்த சோப்பு, கொடுத்த பெண்ணும் எதிரில் நிற்கிறாள், என்னத்தைச் சொல்வது என்று எல்லாம் பரவாயில்லை. சமதூரம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு பதினாலாவது கேள்விக்கு வந்தார். நான் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

மிகவும் உண்டு, நூற்று எழுபத்தொன்று. ஓரளவு, நூற்று இருபத்திரண்டு. பரவாயில்லை, வெறும் அறுபத்து நாலு. அவ்வளவாக இல்லை, நூற்றுப் பதினெட்டு. அறவே இல்லை, நூற்றுப் பதின்மூன்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "யாருய்யா இதை எழுதினது? ஜனங்க அஞ்சு படியிலயும் ஏறி நின்னிருக்காங்கய்யா. இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கேள்வி நான் பார்த்ததில்ல" என்றார். நான்தான் என்று சொன்னேன். எதற்காக எழுதினேன் என்று சொல்லவில்லை. தலைமை ஆபீசிலிருந்து பாராட்டுக் கடிதம் வருமாம். படிவம் போன ஊரில் சோப்பை விட்டுவிட்டுக் கணவர்களை ஆராயலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஓரத்தில் எழுதியவற்றைத்தான் நீ பார்க்க வேண்டும். 'இவர் உள்ளூரில்தான் இருக்கிறார். வெளியூர் போகட்டும், பிறகு சொல்கிறேன்.' ஒருத்தி ஐந்தாவது கட்டத்துக்குக் கீழே ஆறாவதாக ஒன்று வரைந்து அதில் டிக் போட்டிருக்கிறாள். இன்னொருத்தி 'மாமியார் எங்கே இருப்பார் என்று கேள்வியில் இல்லை' என்கிறாள். 'மிகவும் உண்டு' போட்டவர்களில் ஒருத்தி மட்டும் கோபமாக, 'இதை நோட்டீஸ் அடித்தா கேட்பார்கள்?' என்று எழுதியிருக்கிறாள். அவள் ஏன் கோபித்துக்கொண்டாள் என்று ஆபீசில் யாருக்கும் விளங்கவில்லை.

ஐந்நூற்று எண்பத்தெட்டும் என் மேசை மேல் இருக்கிறது. எனக்கு வேண்டிய ஒன்று மட்டும் வரவில்லை. இன்னொரு படிவம் இத்துடன் வைத்திருக்கிறேன். உன் வசதிப்படி.

உன் கணவன்


மே 30

அன்புள்ள உங்களுக்கு,

இருவரும் நலம். பதில் தாமதமானதற்கு உடம்பு காரணமில்லை, கோபம் காரணம்.

நோட்டீஸ் அடித்தா கேட்பார்கள் என்று எழுதியவள் ஏன் கோபித்துக்கொண்டாள் என்று உங்களுக்குத் தெரியவில்லையா? எனக்கு அவள் முகமே தெரிகிறது. கண்ணாடிகூட வேண்டாம்.

ஐந்நூற்று எண்பத்தெட்டு பெண்களைக் கேட்டுவிட்டீர்கள். என் அப்பாவையும் கேட்டாயிற்று. என்னைக் கேட்கவில்லை. எனக்குக் கட்டம் அனுப்பினீர்கள். அந்தப் பதினோரு நாளில் நீங்கள் என்னைக் கேட்டதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. ஃபேன் இரண்டில் இருக்கட்டுமா, மூன்றிலா. ஜன்னல் பக்கம் நீ படுக்கிறாயா, நான் படுக்கட்டுமா. ரயிலுக்குக் கிளம்பும்போது, "சரி, அப்ப பார்க்கலாம்" என்றீர்கள். யாரை, எங்கே, எப்போது பார்ப்பது என்று சொல்லவில்லை. பிறகு கடிதத்துக்குக் கடிதம் 'உன் வசதி'. என் விருப்பம் எத்தனை படி என்று அளக்கிறவருக்கு, முதலில் தன் விருப்பம் எது என்று சொல்லத் தோன்றவில்லையே. நீங்கள் வரச் சொல்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா, அது எனக்குத் தெரியாது. ஸ்டோர்கீப்பருக்கு வீடு போய்விடுமே என்ற கவலை மட்டும் தெரிகிறது.

நான் ஒருவருக்கு ஒரு தேதிக்குள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. யாருக்கு, என்ன பதில் என்று இப்போது எழுத மாட்டேன்.

அனுப்பிய படிவத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை 'அறவே இல்லை' போட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
நான்


ஜூன் 9

அன்புள்ள உனக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். என் நலத்தை விடு.

நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் 'ஓரளவு' என்று வந்தது, இன்னொன்றில் 'ஒருவேளை'. மூன்றாவதில் உன் வசதி மறுபடியும் வந்துவிட்டது. கை பழகிவிட்டது. நாலாவதைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

எனக்குப் பயம். நேராகக் கேட்டால் நீ நேராகச் சொல்லுவாய் என்று தெரியும். உன் கடையில் நீ அப்படித்தான் என்று பார்த்திருக்கிறேன். 'இல்லை' என்று ஒரே சொல் வந்துவிட்டால் நான் எங்கே போய் நிற்பது? அதனால்தான் ஐந்து படி கட்டினேன். விழுந்தாலும் மெதுவாக இறங்கலாம் என்று. ஒரு ஊர் முழுக்க அதில் ஏற்றிவிட்டேன், நீ மட்டும் ஏறவில்லை. நீ செய்ததுதான் சரி.

இங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு ஆபீஸ் விடுகிறது. எல்லாரும் எங்கேயோ போவதற்கு அவசரமாகப் போகிறார்கள். நான் அறைக்கு வந்து மேசையை நகர்த்தி ஜன்னலைத் திறக்கிறேன். நீ பக்கத்தில் இருந்த பதினோரு நாளில் நான் அதிகம் பேசவில்லை, தெரியும். பேசாமல் இருந்தாலும் யாரோ இருந்தார்கள். இங்கே யாரும் இல்லை. யாரோ வேண்டும் என்பதில்லை. நீ வேண்டும்.

வா.

இதற்கு முன்னும் பின்னும் ஒரு சொல்லும் சேர்க்க மாட்டேன். அந்த 'ஒருவர்' யார் என்று கேட்கவும் எனக்குத் தைரியமில்லை. உன் கடையை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும் என்பதும் தெரிகிறது. தெரிந்துதான் கேட்கிறேன்.

உன் கணவன்


ஜூன் 27

அன்புள்ள உனக்கு,

உனக்கும் மாமாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? உடம்புதான் காரணம் என்றால் ஒரு வரி போடு. வேறு காரணம் என்றாலும் ஒரு வரி போடு.

பதினெட்டு நாளாகப் பதில் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தால் எதிர்ப் பக்கத்துக்குப் போய்விடுகிறார். இன்று குவார்ட்டர்ஸ் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். 'மனைவி வருகிறாரா: ஆம் / இல்லை.' இரண்டே கட்டம். ஐந்து இருக்கக் கூடாதா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. 'ஆம்' என்பதில் டிக் போட்டேன். சமதூரம் பக்கத்தில் நின்று, "வீட்ல சம்மதிச்சுட்டாங்களா?" என்று கேட்டார். "தெரியாது சார், ஆனா நான் கேட்டுட்டேன்" என்றேன். அவர் ஸ்கேலை மேசை மேல் வைத்துவிட்டு, "அதுவே பெரிசுய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ வராவிட்டால் அந்த இரண்டு அறையில் நான் எதில் இருப்பேன் என்று தெரியவில்லை.

உன் கணவன்


ஜூலை 2

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். நீங்கள் இளைத்திருக்கிறீர்கள். எப்படித் தெரியும் என்று பிறகு வரும்.

'வா' என்ற கடிதம் ஜூன் பதினைந்தாம் தேதி கிடைத்தது. அதைப் படித்துவிட்டுக் கடையை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறந்தேன். சாவி என் கைக்கு வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு நீங்கள் எழுதியிருந்தால் அது அப்பாவிடம் போயிருக்கும். அவர் படித்து, ஆட்சேபணைகளோடு அனுப்பிவைப்பார்.

ஏப்ரலில் கடை வேலையாக வெளியூர் போனேன் என்று அப்பா உங்களுக்கு எழுதினாராமே. கடை வேலைதான். எந்தக் கடை என்று நான் அவரிடம் சொல்லவில்லை. உங்கள் ஆபீசிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய கண்ணாடிக் கடை இருக்கிறது, பச்சைப் பலகை. கண் பரிசோதனைக்கு ஆள் வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்திருந்தார்கள். நேர்காணல் முடிந்து உங்கள் ஆபீசுக்கு எதிரே அரைமணி நேரம் நின்றேன். மாடி ஜன்னலில் நீங்கள் ஒரு மர ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு இன்னொருவரோடு வாதாடிக்கொண்டிருந்தீர்கள். கூப்பிட வாய் வரைக்கும் வந்தது. கூப்பிட்டிருந்தால், வந்ததில் உனக்குத் திருப்தி எவ்வளவு என்று ஆரம்பித்திருப்பீர்கள். ரயிலேறிவிட்டேன். வழி முழுக்க அழுகையாக வந்தது. எதிர் சீட்டுக்காரர் கண்ணில் தூசியா என்று கேட்டார். தொழில்முறையாக, ஆம் என்றேன்.

வேலை கிடைத்துவிட்டது. ஜூன் இருபதுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். அந்த 'ஒருவர்' அவர்கள்தான். நல்ல வேலை. கடையில் இரண்டு பரிசோதனை அறை, புது மெஷின், என் கீழே மூன்று பேர். நீங்கள் இந்த ஊரில் இல்லாவிட்டாலும் எனக்குப் பிடித்திருக்கும். ஆனால் நீங்கள் வாயைத் திறக்காமல் நானாக வந்து நின்றால், வேலைக்காக வந்தாள் என்று நீங்களும் நினைத்துக்கொள்ளலாம், நானும் நினைத்துக்கொள்ளலாம். இருவருக்கும் தப்பிக்க வசதி. அது எனக்கு வேண்டாம் என்று இருந்தது. அதனால்தான் நீங்கள் கேட்கும்வரை எழுதவில்லை. மூன்று மாதம் காத்திருந்தது எனக்குக் கஷ்டமாக இருந்தது. எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

பதினெட்டாம் தேதி அவர்களுக்குச் சரி என்று தந்தி அடித்தேன். நேற்று வேலையில் சேர்ந்துவிட்டேன். பெண்கள் விடுதியில் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. காலையில் நீங்கள் ஆபீசுக்கு நடந்து போவதைக் கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இடது கால் செருப்பு தேய்ந்திருக்கிறது. பச்சைப் பலகையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குவார்ட்டர்ஸ் கிடைத்ததோ ஸ்டோர்கீப்பருக்குப் போய்விட்டதோ, எனக்கு ஒன்றுதான். உங்கள் அறையில் ஜன்னலைத் திறக்க மேசையை நகர்த்தினால் கதவு திறக்காது என்றீர்களே, இருவருமாக உள்ளே வந்த பிறகு நகர்த்திக்கொள்ளலாம்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். கடை ஆறரைக்கு மூடுவோம். வரும்போது குடை எடுத்துக்கொண்டு வாருங்கள், என்னிடம் இல்லை. இங்கே மூன்று நாளாக விடாத மழை. உங்கள் ஜன்னலிலும் இதே மழைதான்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி